கம்ப்யூட்டர் மேல் பழி போடலாமா?



“இது பழைய கம்ப்யூட்டர், ஸ்லோவாத்தான் இருக்கும்” என்று துணி போட்டு மூடி வைப்பது சுலபம். ஆனால் அப்புறம் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் மூணு பேர் உட்காரணும். ஒருத்தி மவுஸ் பிடிப்பாள், மத்த ரெண்டு பேர் வேடிக்கை பார்க்கணும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத நமக்கு அந்த ஒரு பீரியட்தான் இருக்கு. காரணம் பார்க்காமல் ஓரங்கட்டுவது தப்பு என்பது என் கருத்து.

பல சமயம் காரணம் மெமரி பற்றாக்குறைதான். நம்ம காசிமேட்டை நினைத்துப் பாருங்கள். மீன் ஏலம் போடுகிற இடம்தான் ராம். ஐஸ் போட்டு வைக்கிற குடோன்தான் ஹார்டு டிஸ்க். ஏலம் போடுகிற இடம் நிறைந்துவிட்டால் கூடைகளை குடோனுக்குத் தூக்கணும், கேட்டால் திரும்பக் கொண்டு வரணும். தூக்குவதிலேயே நேரம் போயிடும். ராம் நிறைந்தால் விண்டோஸும் ஹார்டு டிஸ்கில் கொஞ்சம் இடத்தை இப்படித்தான் பயன்படுத்துகிறது. இதுதான் விர்ச்சுவல் மெமரி. ஹார்டு டிஸ்க் ராமை விட ரொம்ப மெதுவானது. அதனால்தான் எல்லாம் அப்படியே நின்னு போகுது.

செய்ய வேண்டியவை:

1. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘மெமரி’யை கிளிக் செய்து, அதிகம் இடம் பிடிப்பது எது என்று பாருங்கள்.
2. தேவையில்லாத புரோகிராம், பிரவுசர் டேப்களை மூடுங்கள்.
3. ஸ்டார்ட்அப்பில் தானாக ஓடுபவற்றை ஆசிரியரிடம் கேட்டு நிறுத்துங்கள்.
4. சி டிரைவில் காலி இடம் வையுங்கள். இல்லாவிட்டால் விர்ச்சுவல் மெமரி வளர முடியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு குறைந்தது 64 எம்.பி. ராம் போதும். 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. வேணும். அதாவது 64 மடங்கு! மெஷின் கெட்டுப்போகவில்லை, சுமைதான் ஏறியிருக்கு. ராம் மட்டும் கூட்டினால் புதுசு வாங்குகிற செலவு மிச்சம். குறைந்த மெமரியில் ஓடும் லினக்ஸ் வகைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. லினக்ஸ் நமக்குப் புதுசும் இல்லை. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலேயே, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது.

“பசங்க கை வச்சா கெட்டுடும்” என்பார்கள். டாஸ்க் மேனேஜரைப் பார்ப்பதால் எதுவும் கெடாது. பெயர் தெரியாததை நாமாக நிறுத்தாமல் கேட்டுச் செய்தால் போதும்.

எனவே வாரம் இரண்டு மாணவர்களுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். அவர்கள் பார்த்த பிறகுதான் ‘ரிப்பேர்’ சீட்டு ஒட்ட வேண்டும். மூடி வைத்ததில் ஒன்று எழுந்தாலும், வேடிக்கை பார்க்கிற ஒருத்தி கையில் மவுஸ் வரும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

— 9-ஆம் வகுப்பு மாணவி