‘எல்லா நிலத்துக்கும்’ ஒரே டயரா?

மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களிலும் ‘ஆல் டெரெய்ன்’ டயர் பூட்டிய வண்டிகளைக் காண்கிறேன். ‘ஆல்’ என்ற அடை ஒரு சமரசத்தை மறைக்கிறது. இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கற்பாதையில், அத்தகைய டயரின் பெரிய பட்டன்களும் அகன்ற இடைவெளிகளும் கல்லையும் சேற்றையும் பற்றிக்கொள்கின்றன. காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்தால் தரையைத் தொடும் பரப்பும் கூடுகிறது. தார்ச்சாலையிலோ அதே இடைவெளிகள் தொடுபரப்பைக் குறைக்கின்றன. இரைச்சலும் எரிபொருள் செலவும் மிகுகின்றன. மழையில் நனைந்த சாலையில் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க, சாதாரணச் சாலை டயரைவிடப் பொதுவாகக் கூடுதல் தொலைவு தேவைப்படுகிறது. நடைபாதையற்ற தெருவில் அத்தொலைவுக்குள் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள். மலையேறும் ஜீப்புக்கு அந்த டயர் இன்றியமையாதது. நகரத்து வண்டிக்கு வாங்குமுன், ஆண்டில் எத்தனை நாள் மண்பாதையில் ஓட்டுகிறோம் என்று எண்ணிப் பார்ப்போம்.