கறுப்பு நிறம், கருப்பட்டி மணம்... ஸ்காட்லாந்து ஏல் எப்படி இருக்கும்?

"கறுப்பா இருக்கே, செம ஸ்ட்ராங்கா இருக்குமோ?" அடர்நிற பீரைப் பார்த்ததும் பலரும் கேட்பது இதுதான். உண்மையில், நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை. அயர்லாந்தின் கின்னஸ் டிராட் கன்னங்கரேலென்று இருக்கும். அதில் ஆல்கஹால் 4.2 சதவிகிதம்தான். அந்த அளவுக்குக் கறுப்பாக இல்லாத, ஸ்காட்லாந்தின் 'டிராக்வேர் ஹவுஸ் ஏல்' 7.2 சதவிகிதம். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது இந்த ஏலைத்தான்.

ஏல் என்பதும் ஒரு பீர் வகைதான். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, அதில் இறங்கும் இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைப்பார்கள். நிறம், தானியத்தை வறுக்கும் பக்குவத்தைப் பொறுத்தது. காபிக்கொட்டையை வறுக்க வறுக்க நிறமும் மணமும் மாறுமே, அதுபோலத்தான். போதையோ, சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருந்து புளித்தது என்பதைப் பொறுத்தது.

அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் ஏலுக்கு விலைதான் பெயர். 60 ஷில்லிங், 70 ஷில்லிங், 80 ஷில்லிங் என்று பீப்பாய் விலையை வைத்தே அழைத்தார்கள். இருப்பதிலேயே ஸ்ட்ராங்கான வகைக்கு 'வீ ஹெவி' என்று பெயர். 'வீ' என்றால் அவர்கள் பேச்சில் 'குட்டி'.

டிராக்வேர் என்பது ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லைப் பகுதியில் உள்ள பழைமையான மாளிகை. அங்கே பயன்பாடில்லாமல் கிடந்த பழைய மதுவடிப்பு அறையை, 1965-ல் வீட்டின் உரிமையாளர் பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் மீண்டும் இயங்கவைத்தார். இன்றும் அங்கே ஓக் மரத்தொட்டிகளில்தான் ஏல் புளிக்கிறது.

சரி, சுவைக்கு வருவோம். கிளாஸில் ஊற்றினால் கருப்பட்டிக் காபி நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் செம்மை தெரியும். மேலே இளம்பழுப்பு நுரை. முகர்ந்தால் கருப்பட்டிப் பாகு, பேரீச்சை, உலர் திராட்சை; அடியில் லேசான மர வாசனை. முதல் வாய் இனிப்பு, அடுத்து வறுத்த தானியத்தின் மெல்லிய கசப்பு, கடைசியில் நெஞ்சில் ஒரு கதகதப்பு. ஐஸ் போலக் குளிரவைத்தால் இந்த வாசனைகள் அடங்கிவிடும். அதனால்தான் 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் பரிமாறுகிறார்கள்.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. 1745 ஜேகபைட் கிளர்ச்சியின் 250-வது ஆண்டை நினைவுகூர, 1995-ல் வந்த 'ஜேகபைட் ஏல்'. 8 சதவிகிதம். இதில் சேர்ப்பது என்ன தெரியுமா? நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் தனியா! ஆனால் சாம்பார் வாசனை வராது. வறுக்காத தனியாவை நசுக்கி முகர்ந்து பாருங்கள், எலுமிச்சைத் தோல் போல ஒரு மணம் வரும். அந்த மணம்தான் இதிலும்.

இந்த இனிப்பில்தான் சிக்கலே. 7.2 சதவிகிதத்தில் 330 மி.லி பாட்டில் ஒன்றில் சுமார் 24 மி.லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு ஸ்மால் விஸ்கி. விஸ்கியின் காரம் 'போதும்' என்று நிறுத்தச் சொல்லும். பாகு போல இறங்கும் ஏல் அப்படி எதுவும் சொல்லாது. ஸ்காட்லாந்து அரசு 2014 டிசம்பரில், வாகனம் ஓட்டுபவரின் 100 மி.லி ரத்தத்தில் இருக்கலாம் என்ற ஆல்கஹால் அளவை 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்தது. இந்தியாவில் அது 30 மட்டுமே.

வெளிநாட்டுப் பயணத்தில் யாராவது இப்படி ஒரு கிளாஸை நீட்டினால், நிறத்தையும் இனிப்பையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முதலில் லேபிளில் உள்ள சதவிகிதத்தைப் படியுங்கள். 'வேண்டாம்' என்று சொல்லவும் தயங்காதீர்கள். பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)