தாலுகா அலுவலகத்தில் புழங்கும் அரபி



நம் பிள்ளைகள் மக்தபில் குர்ஆனை ஓதி முடிக்கிறார்கள். ஓதியதன் பொருளைக் கேட்டாலோ, பெரும்பாலோர் மௌனமாகிவிடுகின்றனர். 'அரபி அந்நிய மொழி. கிராமத்துப் பிள்ளைகளுக்கு எட்டாது' என்று பெற்றோராகிய நாமே முடிவு கட்டிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம் எனக் கருதுகிறோம். அந்த முடிவு சரியானதன்று.

உத்திரமேரூர் தாலுகா அலுவலகத்துக்குச் சென்று திரும்பும் விவசாயியின் பேச்சைச் செவிமடுத்துப் பாருங்கள். பசலி, வசூல், பாக்கி, அசல், நகல், வாரிசு, ரத்து: இவை அனைத்தின் வேரும் அரபியே. 'ஜமாபந்தி'யில் முற்பாதி அரபி, பிற்பாதி பாரசீகம். ஆற்காடு நவாபுகளின் காலத்தில் ஆட்சிமொழியாயிருந்த பாரசீகத்தின் வழியே இத்தகைய சொற்கள் பெரிதும் பரவின. ஆங்கிலேயர் ஆட்சியிலும் நீடித்தன. இன்று சமய வேறுபாடின்றி எல்லோரும் இவற்றைப் பேசுகிறார்கள்.

புதிய சொல் தனித்து நின்றால் விரைவில் மறந்துபோகும். முன்பே அறிந்த சொல்லோடு முடிச்சிட்டால் நெஞ்சில் தங்கும். 711 முதல் 1492 வரை முஸ்லிம் ஆட்சியைக் கண்ட ஸ்பெயினின் மொழியிலும் இதைக் காணலாம். அங்கே எண்ணெய்க்கு 'அஸெய்தே' என்று பெயர். அது அரபியின் 'அஸ்ஸைத்' என்பதே. அரபி அறிந்தவருக்கு அச்சொல்லை மனனம் செய்யும் சிரமமில்லை.

நமக்கும் அவ்வாறே. வெள்ளிக்கிழமைகளில் நாம் ஓதும் கஹ்ஃபு அத்தியாயத்தின் 49ஆம் வசனத்தை எடுத்துக்கொள்வோம். மறுமையில் மனிதர்கள் தாம் செய்தவை யாவும் முன்னிலையில் இருப்பதைக் காண்பார்கள் என்று அது உரைக்கிறது. 'செய்தவை' என்பதன் வேர், நாம் சட்டத்தை 'அமல்' செய்வதாகச் சொல்லும் அதே சொல். 'முன்னிலையில்' என்பதற்கான 'ஹாளிர்', நீதிமன்றத்தில் நாம் சொல்லும் 'ஆஜர்'. கோர்ட்டில் ஆஜராவதை அறிந்த பிள்ளைக்கு அந்த வசனம் எவ்வளவு நெருக்கமாகிவிடும்! 46ஆம் வசனத்தின் 'பாக்கியாத்', எஞ்சி நிலைப்பவை; நம் கடைக் கணக்கின் 'பாக்கி'யும் அதுவே. வேலூர் மதரஸாவின் பெயரும் அவ்வசனச் சொற்களே.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, சில சொற்கள் தமிழுக்கு வந்தபின் பொருள் மாறிவிட்டன. நமக்கு அறைகூவலாக இருக்கும் 'சவால்', அரபியில் கேள்வி. 'பதில்' அங்கே மாற்றாக அமைவது. நாம் 'அதற்குப் பதிலாக' என்னும்போது மட்டும் அப்பொருள் தலைகாட்டுகிறது. ஆகவே உஸ்தாதிடம் கேட்டுத் தெளியாமல் நாமாகப் பொருள் கொள்ளலாகாது. மற்றொன்று, இந்தப் பாலம் பொருளுக்கு மட்டுமே, உச்சரிப்புக்கு அன்று. 'பாக்கி'யின் நடுவில் அரபியில் ஒலிப்பது அடிநாக்கிலிருந்து எழும் 'காஃப்'. தஜ்வீதைத் தமிழ் எழுத்தால் கற்க இயலாது.

மக்தப் ஆசிரியர்களும் பெற்றோரும் மஃரிபுக்குப் பின் நாளொன்றுக்கு ஒரு சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம். வீட்டில் புழங்கும் சொல் எது, அது குர்ஆனில் எங்கே வருகிறது என்று காட்டினால் போதும். தனிப் புத்தகமோ கட்டணமோ வேண்டியதில்லை. ஓதும் நாவோடு விளங்கும் உள்ளமும் சேரட்டும்.

அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.