பூட்டிய வீடும் புழங்கும் வீடும்

சென்ற மாதம் வலிகாமப் பகுதியிலிருந்து ஓர் அம்மையார் தம் மகளுடன் நம்மைக் காண வந்திருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். கணவரை இழந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மக்கள் மூவரில் இருவர் கடல் கடந்து வாழ்கின்றனர். மூத்த மகள் கொழும்பில் இருக்கிறார். நான்கு பரப்பு வளவும் அதிலுள்ள கல்வீடும் விற்கப்படவேண்டும் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. வேற்றுமையெல்லாம், அம்மையார் முதலிற் புறப்பட்டுப் பின்னர் வெறுவீட்டை விற்பதா, அல்லது விற்று முடியும்வரை அவர் அங்கேயே குடியிருப்பதா என்பதிலேதான்.

"அம்மா முதலிலே கொழும்புக்கு வந்துவிடட்டும். வருகிறவர்கள் தம் விருப்பம்போல் வீட்டைப் பார்க்கலாம்" என்றார் மகள். "நான் விளக்கேற்றும் வீட்டைத்தான் விற்பேன், பிள்ளை. இருண்ட வீட்டுக்கு யார் நல்ல விலை சொல்வார்கள்?" என்றார் தாயார்.

இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. மகளின் கட்சியை முதலில் நோக்குவோம். குடியிருக்கும் வீட்டைக் காட்டுவது எளிதன்று. உலையில் அரிசி கொதிக்கும் வேளையிலே தரகர் நால்வரை அழைத்து வந்து நிற்பார். அந்நியர் அடுக்களையை எட்டிப் பார்ப்பர். படுக்கையறை அலுமாரியையும் நோட்டமிடுவர். தனித்து வாழும் முதியவளுக்கு இது கூச்சம் மட்டுமன்று, அச்சமுமாகும். மேலும், வாங்குபவர் முதியவரைக் கண்டதும், "இவர் சொன்ன நாளில் எழும்புவாரா?" என்று ஐயுறுவதும் உண்டு. வெறுவீட்டிலே இத்தொல்லை இல்லை. சுவரிலே ஈரம் ஊறிய இடமும், நிலத்திலே வெடித்த சீமெந்தும் மறைவின்றித் தெரியும். நேர்மையாக விற்க விரும்புபவருக்கு அதுவும் ஒரு நன்மையே.

ஆயினும், நம் ஊரில் ஆளில்லா வீடு எவ்வளவு விரைவிற் கெடுகிறது என்பதை அறியாதவர் யார்? ஒரு மாரி போதும். பீலியிலே சருகு அடைத்து நீர் சுவரில் இறங்கும். கதவு நிலையிலே கறையான் ஏறும். முகட்டிலே வௌவால் குடிபுகும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கிணறு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலே வளவு வாங்க வருபவர், வீட்டைப் பார்க்குமுன் கிணற்றைத்தான் பார்ப்பார்; ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார். நாள்தோறும் இறைக்கும் கிணறு தன் குணத்தைத் தானே சொல்லும். இறைக்காமல் விட்ட கிணற்றிலே இலை அழுகி, நல்ல தண்ணீரும் கெட்ட தண்ணீர்போல் நாறும். அதைக் காட்டியே விலையைக் குறைத்துவிடுவர்.

இன்னொன்றும் உண்டு. தளபாடம் இல்லாத அறை கண்ணுக்குச் சிறிதாகவே தோன்றும். கட்டிலும் மேசையும் கிடந்தாலன்றோ அங்கே எவ்வளவு இடம் இருக்கிறதென்று மனம் கணக்கிடும்! மேலும், வீடு பூட்டிக் கிடப்பதைக் கண்ட தரகர், "உடையவருக்கு அவசரம்" என்பதை வாங்குபவர் காதிற் போட்டுவிடுவார். அவசரக்காரனுக்கு யாரும் முழுவிலை கொடுப்பதில்லை.

பூட்டிய வீட்டின் ஆபத்து விலையோடு நிற்பதுமில்லை. நம் நாட்டுச் சட்டப்படி, பிறனொருவன் காணியை உடையவரின் உரிமைக்கு எதிராக 10 ஆண்டுகள் இடையறாது ஆட்சி செய்பவன், அக்காணி தனதென நீதிமன்றத்திலே வழக்காட இடமுண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே வீடுகளைத் திறந்தபடி விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்ததை நம்மிற் பலர் மறக்கவில்லை. திரும்பியவர் சிலருக்குத் தம் வீட்டிலே வேறொருவர் உலை வைத்திருந்ததைக் காணும் விதி வாய்த்தது. போரினாற் காணியை இழந்து வழக்குத் தொடர இயலாதிருந்தோரின் துன்பத்தைக் கருதியே 2016ஆம் ஆண்டில் ஆட்சியுரிமை பற்றிய சிறப்புச் சட்டமொன்றும் நிறைவேற்றப்பட்டது. ஆனால் இன்று தாமாகவே பூட்டிவிட்டுப் போகிறவருக்கு அச்சட்டம் குடை பிடிக்காது. நம்பிக்கையான ஒருவரைக் காவலுக்கு விடுவதானாலும், அவர் உடையவரின் அனுமதியோடுதான் இருக்கிறார் என்பதை எழுத்திலே வாங்கிக்கொள்ளுதல் நன்று.

இவ்வளவும் சொன்னபின், உறுதியைக் காட்டும்படி கேட்டோம். மகள் கைப்பையிலிருந்து எடுத்துத் தந்தார். வாசித்தபோதுதான் விடயம் வேறொரு முகம் காட்டிற்று. மகளின் திருமணத்தின்போது பெற்றோர் அவ்வளவைச் சீதனமாக எழுதிக் கொடுத்திருக்கின்றனர். ஆனால் தம் இருவருக்கும் சீவிய உரித்தை ஒதுக்கி வைத்திருக்கின்றனர். நம்மவர் உறுதிகளிலே இது வழக்கமானதுதான். பிள்ளைகள் அதை ஒரு சடங்கு வாசகமாக எண்ணி மறந்துவிடுகின்றனர்.

அதன் பொருள் யாது? உடைமை மகளுடையது, உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை தாயாருடையது. தாயார் ஒப்பமிட்டுத் தம் உரித்தை விட்டுக்கொடாமல், மகள் தனியாக முழுமையான விற்பனை உறுதி முடிக்க இயலாது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் ஆதலால், மகளுக்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். அஃதாவது, அம்மையார் அவ்வீட்டில் இருப்பது மகளின் தயவினாலன்று. இதைக் கேட்டபோது மகளின் முகம் சற்று வாடிற்று. தாயாரோ ஒன்றும் பேசாது சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அவருக்கு அது முன்னரே தெரிந்திருக்க வேண்டுமென்று நமக்குத் தோன்றிற்று.

ஆகவே, எழும்புவது எப்போது என்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: உரித்தை விட்டுக்கொடுத்தபின் அம்மையார் எங்கே, எந்த ஆதாரத்தில் வாழ்வார்? விற்ற பணத்திலே ஒரு பகுதி அவர் பெயரில் வங்கியில் இடப்படுமா? கொழும்பு வீட்டிலே அவருக்கென ஓர் அறை உண்டா? மகள் உண்டென்றார், பணத்தைப் பற்றி மருமகனோடு பேசிச் சொல்வதாகக் கூறினார். பேசி முடித்தபின்பே விலை பேசும்படி சொன்னோம்.

விற்கும் முறையைப் பொறுத்தவரை நம் கருத்து தாயாரின் பக்கமே சாய்ந்தது. ஆயினும் முழுவதும் அன்று. அவர் குடியிருக்கட்டும், ஆனால் வேண்டாத பொருளையெல்லாம் இப்போதே அகற்றி, வீட்டைப் பாதி இலேசாக்கட்டும். சனி, ஞாயிறு பிற்பகலில் மட்டும், உறவினர் ஒருவர் உடனிருக்க, ஆட்களைக் காட்டட்டும். விலை ஒத்துவந்தால் வாய்ச்சொல்லை நம்பலாகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, காணி விற்பனைக்கு மட்டுமன்றி விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும். அவ்வுடன்படிக்கையில் முற்பணமும் வீட்டை ஒப்படைக்கும் நாளும் எழுதப்படவேண்டும்.

உறுதி முடிந்தபின், "இன்னும் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன்" என்று கேட்பதைத்தான் நாம் விரும்பவில்லை. அன்று முதல் அது பிறர் வீடு. ஓடு உடைந்தாலும் மோட்டர் பழுதானாலும் மனக்கசப்பு வரும். வேறு வழியின்றி இருக்க நேர்ந்தால், நாளும் வாடகையும் எழுத்திலே இருக்கட்டும். உறுதி முடிப்பதற்கு முதல்நாள் வீட்டை ஒழித்து, மறுநாள் நொத்தாரிசு முன்னிலையில் திறப்புக்களைக் கொடுப்பதே சிறந்தது.

எழுந்து போகும்போது அம்மையார் ஒன்று கேட்டார்: சாமியறைப் படங்களை எப்போது இறக்குவது என்று. மற்றெல்லாம் லொறியில் ஏறியபின், கடைசியாக என்றோம். தை பிறந்தபின் வீட்டைக் காட்டத் தொடங்குவதாகவும், அதற்குமுன் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க ஆள் சொல்லியிருப்பதாகவும் கூறிச் சென்றார்.