யந்திரமும் சித்திரக்காரனும்

சிவகாசிக்குப் போகிறவர்கள் பட்டாசுக் கடையில் நின்று விலையைக் கேட்கிறார்கள். பெட்டியின் மேலிருக்கும் படத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நம் படிப்பாளிகளுக்கு அது வெறும் ‘காலண்டர் படம்’. அந்த இளக்காரத்தோடுதான் எனக்குச் சண்டை.

சென்னையில் பென்டாமீடியா கிராபிக்ஸ் என்ற நிறுவனம் கம்ப்யூட்டரைக் கொண்டே முழுநீளப் படங்கள் செய்தது. 2000-ல் ‘சிந்துபாத்’தும் ‘பாண்டவாஸ்’ படமும் வந்தன. பின்னால் 2002-ல் ‘அலிபாபா’. அவற்றுள் ‘பாண்டவாஸ்’ சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. அந்தத் துணிச்சலுக்குத் தலை வணங்குகிறேன்.

ஆனால், அந்த முகங்களில் ஒன்றாவது உங்கள் வீட்டுக் குழந்தையின் மனத்தில் தங்கிற்றா? “பணம் போதவில்லை, யந்திரம் போதவில்லை” என்று சமாதானம் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். ‘சிந்துபாத்’தில் நடிகர்களின் உடம்பில் குறிகளை ஒட்டி, அவர்களுடைய அசைவைக் கம்ப்யூட்டரில் பிடித்தார்கள். அசைவு வந்தது, பாவம் வரவில்லை. பாவத்தைப் பிடிக்கக் குறி ஏது? வரைகிறவன் அல்லவா அதைக் கொண்டுவர வேண்டும்!

சிவகாசிக்கும் அச்சு யந்திரம் வெளியிலிருந்துதான் வந்தது. அதற்கு முகம் கொடுத்தவர் கோவில்பட்டியில் இருந்தார். நாடகத் திரைச்சீலை எழுதிப் பழகிய கொண்டையராஜு (1898–1976), சுப்பையா, ராமலிங்கம், சீனிவாசன் முதலிய சீடர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தார், சிவகாசி அச்சடித்தது. வருஷம் முடிந்து தேதித் தாள் குப்பைக்குப் போன பிறகும், அவருடைய மீனாட்சி கல்யாணத்தைச் சுவரிலிருந்து கழற்ற மனம் வராதவர்கள் எத்தனை பேர்!

இது பழைய காலத்துப் பெருமை என்று தள்ளிவிடாதீர்கள். 1995-ல் அமெரிக்காவில் ‘டாய் ஸ்டோரி’யை இயக்கிய ஜான் லாசெட்டரும் கையால் வரையப் பழகிய பிறகே கம்ப்யூட்டரிடம் போனவர்.

நாமோ, விருதுநகரில் நோட்டுப் புத்தகம் முழுக்கப் படம் போடும் பையனைப் பார்த்து, “இதெல்லாம் சோறு போடுமா? சாப்ட்வேர் படி” என்று அதட்டுகிறோம். படிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? அதற்காகப் பென்சிலை ஏன் பிடுங்குகிறீர்கள்?

மருந்தில்லாத வெடிக்குத் திரி எத்தனை முழம் இருந்து என்ன? எரியும், வெடிக்காது. சிவகாசியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.