கட்டற்ற மென்பொருளும் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்துப் பெற்றோரிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். “சார், பிள்ளையைக் கோடிங் வகுப்பில் சேர்க்கலாமா?” கையில் ஒரு வண்ணத் துண்டறிக்கை இருக்கும். ரோபோ படம் இருக்கும். நான்கு நாள் வகுப்பு, சில நூறு ரிங்கிட் கட்டணம், முடிவில் ஒரு சான்றிதழ்.

சேர்க்க வேண்டா என்று நான் எவரிடமும் சொல்வதில்லை. அத்தகைய வகுப்புகளில் பெரும்பாலும் கற்பிக்கப்படும் ஸ்கிராட்ச் நல்ல கருவிதான். அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வுக்கூடம் 2007இல் வெளியிட்ட அம்மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. நமது ஆண்டு 4 முதலான வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திலேயே நிரலாக்கத்தின் தொடக்கக் கூறுகள் உள்ளன. ஆகவே, இலவசமாகக் கிடைப்பதையும் பள்ளியில் சொல்லித் தருவதையும் விலைகொடுத்து மறுபடி வாங்குகிறோமா என்று பெற்றோர் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் முதல் கருத்து.

இரண்டாவது கருத்துக்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன். வண்ணக் கட்டங்களை இழுத்து ஒட்டுவதோடு கணினிக் கல்வி முடிந்துவிடுவதாக நாம் நினைக்கிறோம். ஒரு கணினியை நிறுவுவது, அதைப் பழுதின்றி ஓட வைப்பது, பலர் பயன்படுத்தும் பொறியில் யாருக்கு எந்த உரிமை என்று வகுப்பது, தரவுகளைக் காப்பது, கோளாறு வந்தால் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது ஆகிய பணிகளைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. முறைமை நிர்வாகம் என்று இதற்குப் பெயர். இதனைக் கற்பதற்குக் கட்டற்ற மென்பொருளைவிடச் சிறந்த களம் வேறு கிடையாது.

கட்டற்ற மென்பொருள் என்றவுடன் ‘ஓசியில் கிடைப்பது’ என்று பலர் எண்ணிவிடுகின்றனர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தபோது அவர் மனத்தில் இருந்தது விலை அன்று, உரிமை. நிரலை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று திறந்து பார்த்து மாற்றலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் பகிரலாம். 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருநிரல் அதனுடன் சேர்ந்தது. இன்று நம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான். உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளும் 2017 நவம்பர் பட்டியலிலிருந்து முழுக்க முழுக்க லினக்ஸில்தான் இயங்குகின்றன.

இனி, தமிழ்ப்பள்ளி ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிக அண்மையில் உள்ள செய்திக்கு வருகிறேன்.

பைத்தான் மொழியில் ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் என்ன என்று கேளுங்கள். 5 என்று விடை வரும். ஆண்டு 1 பிள்ளையைக் கேளுங்கள். த, மி, ழ் என்று விரல் மடக்கி 3 என்று சொல்லும். பிள்ளை சொல்வதே சரி. யுனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களாக அச்சொல் சேமிக்கப்படுகிறது; கணினி அவற்றைத்தான் எண்ணுகிறது. யூடிஎஃப்-8 கோப்பாக எழுதினால் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 3 பைட்டு வீதம் 15 பைட்டு ஆகும். ஒரே சொல்லுக்கு 3, 5, 15 என்று மூன்று நீளங்கள்!

அகர வரிசையும் அப்படித்தான். மலை, மழை, மறை என்பது நம் அகராதி வரிசை. வெறும் குறியெண்ணை வைத்து வரிசைப்படுத்தச் சொன்னால் கணினி மறை, மலை, மழை என்று அடுக்கும். யுனிகோடு அட்டவணையில் ரகரத்தை அடுத்து றகரமும் நகரத்தை அடுத்து னகரமும் வைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். நாமோ ழ, ள, ற, ன என்ற நான்கையும் வகரத்துக்குப் பின் வைத்துப் படித்தவர்கள்.

இதனை யார் சரிசெய்வது? அமெரிக்க நிறுவனப் பொறியாளர் ஒருவருக்கு றகரம் எங்கே வர வேண்டும் என்ற கவலை இருக்க நியாயமில்லை. முத்தையா அண்ணாமலை முதலிய தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘ஓப்பன் தமிழ்’ என்னும் பைத்தான் நிரலகம் இதைச் செய்கிறது. அதனிடம் கேட்டால் ‘தமிழ்’ மூன்று எழுத்து என்றே சொல்லும். அதன் மூலநிரல் திறந்திருப்பதால், மூன்றென்று எப்படி எண்ணுகிறது என்பதையும் மாணவன் படித்துப் பார்க்கலாம். உயிர்மெய் இலக்கணத்தை நான் கரும்பலகையில் விளக்குவதற்கும் அந்நிரல் விளக்குவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அதே முத்தையா உருவாக்கிய ‘எழில்’ என்னும் நிரல்மொழியைத் தமிழாசிரியர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். திரையில் எழுத ‘பதிப்பி’, முடிக்க ‘முடி’. நிபந்தனையை முதலில் எழுதிவிட்டு அதன் பின்னே ‘ஆனால்’ என்ற சொல்லை வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘இஃப்’ முன்னால் வரும். தமிழில் ‘மழை பெய்தால்’ என்று நிபந்தனைச் சொல் பின்னால்தானே வருகிறது? அந்த வாக்கிய அமைப்பையே மொழி ஏற்றுக்கொண்டிருக்கிறது. எழிலில் எழுதிப் பிள்ளை வேலைக்குப் போகாது என்பது உண்மைதான். முதல் நிரலைத் தாய்மொழியில் எழுதியவன் இரண்டாவது மொழிக்கு அச்சமின்றிப் போவான் என்பது என் நம்பிக்கை.

தமிழர்கள் இத்துறையில் வெறுங்கையோடு நிற்கவில்லை. முகுந்தும் அவருடைய தமிழா குழுவினரும் தந்த எ-கலப்பை 2000களில் எத்தனை பேரைத் தமிழில் தட்டச்சிட வைத்தது! கேடிஇ முதலிய லினக்ஸ் இடைமுகங்களையும் தன்னார்வலர்களே தமிழாக்கினர். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அது கட்டற்ற மென்பொருள் அன்று. ஆயினும், கணினித் தமிழை மலேசியாவிலிருந்தே உருவாக்க முடியும் என்று 1980களிலேயே காட்டியது. 2012இல் த. சீனிவாசன் முதலியோர் தொடங்கிய கணியம் மின்னிதழ் லினக்ஸ், நிரலாக்கம், தரவுத்தளம் என்று கட்டுரைகளைத் தமிழிலேயே வெளியிட்டு வருகிறது. து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ போன்ற நூல்களை எவரும் இலவசமாகப் பதிவிறக்கிப் பகிரலாம். நம் ஆசிரியர்களில் எத்தனை பேர் அவற்றைத் திறந்து பார்த்திருக்கிறோம்?

நிர்வாகக் கருவிகள் பிள்ளைகளுக்கு மிகக் கடினம் என்று சொல்வோர் உண்டு. ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன்.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகை மனிதர்கள் உண்டு: உரிமையாளர், குழுவினர், மற்றவர். ஒவ்வொருவருக்கும் மூன்று உரிமைகள்: படித்தல், எழுதுதல், இயக்குதல். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1. ஒரு தேர்வுத்தாள் கோப்புக்கு 640 என்று கொடுத்தால் தயாரித்த ஆசிரியர் படிக்கலாம், திருத்தலாம். மற்ற ஆசிரியர்கள் அடங்கிய குழு படிக்க மட்டும் முடியும். மாணவர்கள் எட்டிப் பார்க்கவும் முடியாது. ஏன் 3, 2, 1 என்று வைக்கவில்லை என்று ஆண்டு 5 மாணவனிடம் கேளுங்கள். சிறிது நேரம் கூட்டிப் பார்த்துவிட்டு, மூன்று என்றால் அது தனி மூன்றா, இரண்டும் ஒன்றும் சேர்ந்ததா என்று தெரியாமற் போகும் என்பான். 4, 2, 1 ஆகியவற்றை எப்படிக் கூட்டினாலும் ஒரே விடை இரு வழிகளில் வாராது. அந்த இடத்தில் இரும எண் முறையின் பாதி அவனுக்குப் புரிந்துவிடுகிறது.

குழாய் என்னும் வசதியும் அத்தகையது. 1973இல் பெல் ஆய்வுக்கூடத்தின் யூனிக்ஸில் புகுந்தது அது. ஒரு சிறு நிரலின் விடையை மறு நிரலின் வாயில் ஊற்றுவது. கட்டுரையைச் சொல்லுக்கு ஒரு வரியாகப் பிரி, வரிசைப்படுத்து, ஒன்றுபோல் இருப்பவற்றை எண்ணு, எண்ணிக்கை மிகுந்ததை மேலே வை. நான்கு சிறு கட்டளைகள். ஒரு வகுப்பின் கட்டுரைகள் அனைத்திலும் எந்தச் சொல் அளவுக்கு மீறி வருகிறது என்று நொடியில் தெரியும். மொழியாசிரியருக்கு இதைவிடப் பயனுள்ள கருவி வேறென்ன வேண்டும்?

ஆர்சிங்க் கொண்டு தரவுகளுக்குப் படியெடுத்தல், கிட் கொண்டு ஒரு கோப்பின் பழைய நிலைகளைக் காத்தல் முதலியனவும் இந்த வரிசையில் அடங்கும். ‘இறுதி’, ‘இறுதி2’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புகளுக்குப் பெயரிட்டு அல்லற்படும் ஆசிரியப் பெருமக்களுக்குக் கிட் ஒரு வரம் என்பேன்.

கட்டளைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தானே உள்ளன, தமிழ் எதற்கு என்று கேட்பார்கள். இருமொழிப் பாடத்திட்டம் நம் பள்ளிகளில் நுழைந்தபோது 2017இல் எழுந்த வாதங்கள் பலருக்கு நினைவிருக்கும். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் படித்தால்தான் கணினித் துறைக்குச் செல்ல முடியும் என்று அப்போதும் சொன்னார்கள். ‘கிரெப்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ‘எட்’ என்னும் பழைய தொகுப்பானின் கட்டளை எழுத்துகளிலிருந்து பிறந்த சொல் அது. ஆங்கிலேயக் குழந்தைக்கும் அது புதுச்சொல்தான். அக்குழந்தைக்கு அதன் தாய்மொழியில் விளக்குகிறார்கள், அவ்வளவே. கட்டளை எந்த மொழியில் இருக்கிறது என்பதைவிட விளக்கம் எந்த மொழியில் கிடைக்கிறது என்பதே பத்து வயதுப் பிள்ளைக்கு முக்கியம். கையேடுகளைப் படிக்க ஆங்கிலம் தேவைப்படும் என்பதை மறுக்கவில்லை. இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்போது அந்தத் தேவையே அவனை ஆங்கிலம் படிக்க வைக்கும்.

அண்டை மாநிலத்தார் என்று நாம் சொல்லிக்கொள்ளும் கேரளத்தில் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் 2001இல் தொடங்கிப் பின்னர்க் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு அவர்களே தொகுத்த இயங்குதளம் இப்போது அரசுப் பள்ளிகளில் ஓடுகிறது. ஆசிரியர்களையே முதலில் பழக்கினார்கள். தமிழ்நாட்டிலோ விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, சிற்றூர் மாணவர்களுக்குக் கட்டணமின்றி இவற்றைக் கற்பிக்கிறது.

நம் நாட்டிலும் அரசுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை மாம்பு 2004இல் வெளியிட்டது. பள்ளிகளின் கதை வேறாகப் போயிற்று. 1பெஸ்தாரிநெட் திட்டம் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்குக் கொண்டுசென்ற ஃபிராக் கற்றல் தளத்தின் இடத்தை 2019ஆம் ஆண்டின் நடுவில் கூகல் வகுப்பறை பிடித்தது. தளம் மாறும்போதெல்லாம் ஆசிரியர்கள் பாடக்குறிப்புகளைத் தூக்கிக்கொண்டு வீடு மாறுகின்றனர். வாடகை வீட்டில் குடியிருப்போருக்கு இது இயல்புதான்.

அண்மைச் செய்தி ஒன்றும் இதற்கு வலுச் சேர்க்கிறது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ், செர்டாங் என்று எங்கும் வீட்டு மூலைகளில் அத்தகைய பொறிகள் தூசி படிந்து கிடக்கும். தூக்கி எறிய வேண்டா. 8 ஜிபி விரலி ஒன்றில் லினக்ஸ் மின்ட் அல்லது லுபுண்டுவை ஏற்றினால், வன்தட்டைத் தொடாமலே அந்தக் கணினியை இயக்கிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் மட்டும் நிறுவலாம். நிறுவுமுன் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்வது கட்டாயம். பிள்ளையே நிறுவட்டும், பெற்றோர் அருகில் அமர்ந்திருந்தால் போதும். பழுதானால் மறுபடியும் நிறுவலாம்; அதுவும் பாடந்தான்.

ஓர் எச்சரிக்கை. பள்ளிக் கணினிகளில் அனுமதியின்றி எதையும் நிறுவக் கூடாது. பிறர் கணினியில் அத்துமீறி நுழைவது 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. பூட்டைத் திறக்கும் வித்தையைக் கற்பிக்கும் அன்றே இதையும் சொல்லிவிட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, இனிக் கற்பது எதற்கு என்றும் சிலர் கேட்கின்றனர். எழுதித் தருகிறது, மெய்தான். ‘தமிழ்’ ஐந்தெழுத்து என்று அந்நிரல் எண்ணினால் அது பிழை என்று கண்டுபிடிக்க ஒருவர் வேண்டுமே.

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் கைவிடப்பட்ட பின் ஆண்டு 6 மாணவர்களுக்கு முன்பு இல்லாத நேரம் கிடைத்திருக்கிறது. கணினிக் கழகம் உள்ள பள்ளிகள் ஒரு சிறு வேலையிலிருந்து தொடங்கலாம். பள்ளி நூல்நிலையத்தில் உள்ள தமிழ் நூல்களின் பெயர்களை மாணவர்களே தட்டச்சிடட்டும். முதலில் பைத்தானின் வெறும் வரிசையாக்கத்தைக் கொண்டு அடுக்கிப் பார்க்கட்டும். எந்தெந்த நூல்கள் இடம் மாறி நிற்கின்றன என்று கண்டுபிடிக்கட்டும். அதன் பிறகு ஓப்பன் தமிழைக் கொண்டு சரிசெய்து, பட்டியலை அச்சிட்டு நூல்நிலையக் கதவில் ஒட்டலாம்.