கூட்டத்தோடு நிற்க ஓர் உடுப்பு

நோன்பின் பிந்திய பத்தில், தராவீஹ் முடிந்த பிறகு கல்முனை பஸாருக்குள் போனால் ஏதாவது ஒரு புடவைக்கடையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். உம்மா ஒரு கட்டம் போட்ட சேட்டை எடுத்து மகனின் முதுகில் வைத்து அளக்கிறா. துணி நல்லது, தையல் நல்லது, விலையும் பரவாயில்லை. பதினான்கு வயதுப் பொடியன் தரையைப் பார்த்தபடி "வேணாம்" என்கிறான். "இதுல என்ன குறை?" என்று வாப்பா கேட்கிறார். அவனிடம் பதில் இல்லை. இரண்டாவது கடை, மூன்றாவது கடை. கடைசியில் சல்லி மரத்தில் காய்க்கிறதா என்ற கேள்வி வருகிறது. வாங்கியும் வாங்காமலும் மூவரும் முகம் கறுத்து வீடு திரும்புகிறார்கள்.

அந்தச் சேட்டில் உண்மையிலேயே குறை இல்லை. பொடியனும் அடம் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் "நல்ல உடுப்பு" என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள். சண்டை அங்கேதான் பிறக்கிறது.

பெற்றோருக்கு நல்ல உடுப்பு என்றால் உழைக்கும் துணி, மானம் மறைக்கும் வெட்டு, பெருநாளன்று நாலு பேர் பார்த்து "பொடியன் வடிவா இருக்கான்" என்று சொல்லும் நிறம். மகன் புதுமோஸ்தர் கேட்டதும் அவன் பகட்டுக்கு ஆசைப்படுகிறான், ஊர் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான பொடியன்மார் கேட்பது இதற்கு நேர் எதிரானது. யாருடைய கண்ணும் தன்மேல் தங்கக் கூடாது. டியூசன் வாசலிலும் கிரவுண்டிலும் பத்துப் பேரோடு பதினோராவது ஆளாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். உம்மா எடுத்த அந்தப் பளிச்சென்ற கட்டம் போட்ட சேட்டு அவனைத் தனியாகப் பிரித்துக் காட்டிவிடும். அதைச் சொல்ல அவனுக்கு வார்த்தை வரவில்லை. "வேணாம்" மட்டும் வருகிறது.

இந்த வயதுக்காரருக்குத் தங்களைச் சுற்றி எப்போதும் ஒரு பார்வையாளர் கூட்டம் இருப்பதாகத் தோன்றும் என்று 1967இல் டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். கற்பனைப் பார்வையாளர் என்று அதற்குப் பெயரும் வைத்தார். 2000ஆம் ஆண்டில் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் தோமஸ் கிலோவிச்சும் கூட்டாளிகளும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கேலிக்கு ஆளாகக்கூடிய ஒரு பாடகரின் படம் போட்ட டீசேட்டை ஒரு மாணவருக்கு அணிவித்து, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று வெளியே வந்ததும் கேட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் என்றார் அவர். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசி அளவுதான்.

இந்தச் சோதனையைச் சொல்லி "உன்னை ஒருத்தனும் பார்க்கல்ல" என்று பிள்ளையைத் தேற்றுவது வழக்கம். நான் அதை வேறு பக்கத்தாலும் வாசிக்கிறேன். கால்வாசிப் பேர் பார்த்திருக்கிறார்களே! நாற்பது பேர் உள்ள வகுப்பில் அது பத்துப் பேர். அந்தப் பத்தில் ஒருவன் வாயாடியாக இருந்தால் போதும், ஒரு பட்டப்பெயர் சாதாரண தரப் பரீட்சை வரை ஒட்டிக்கொள்ளும். பொடியனின் பயம் பெருக்கப்பட்டது. ஆனால் ஒன்றுமே இல்லாததிலிருந்து பெருக்கப்பட்டதல்ல. அதை முதலில் ஒப்புக்கொண்ட பெற்றோரிடம்தான் அவன் மற்றதைப் பேசுவான்.

பாடசாலைச் சீருடை இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். 1993இல் இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியது பெரிய காரியம். எத்தனையோ வீடுகளில் அது வெட்கத்தைத் துடைத்தது. ஆனாலும் சேட்டும் களிசானும் ஒன்றாகிவிட்ட இடத்தில் ஒப்பீடு சப்பாத்துக்கும் பைக்கும் மணிக்கூட்டுக்கும் தலைமுடிக்கும் இறங்கிவிடுகிறது. எங்கள் ஊர்களில் ஒரே வாங்கில் கட்டாரிலிருந்து பெட்டி வரும் வீட்டுப் பிள்ளையும், கரைவலை இழுக்கும் வீட்டுப் பிள்ளையும், தறி வீட்டுப் பிள்ளையும் இருக்கிறார்கள். வெள்ளைச் சேட்டுக்குக் கீழே, சப்பாத்தில்தான் அந்த வித்தியாசம் தெரிகிறது. எனவே ஒரு வருடத்தில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் கூடுதலாகச் செலவழிக்க முடியும் என்ற வீட்டில், அது பெரும்பாலும் சப்பாத்தாகவே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அல்லது அவனிடமே கேட்கலாம்: "இந்த முறை எது ஒண்டு உனக்கு முக்கியம்?" இந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருக்கும்.

அடுத்தது அளவு. கேலிக்கு உள்ளாகும் உடுப்புகளில் பெரும்பாலானவை பழைய மோஸ்தரால் அந்தக் கதிக்கு வருவதில்லை. அளவு தவறியதால் வருகின்றன. "வளருற பிள்ளை" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குகிறோம். ஒரு வருடம் அது சாக்குப்போலத் தொங்கும். பொருந்தத் தொடங்கும்போது நிறம் போயிருக்கும். பதின்ம வயதின் வளர்ச்சிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பாதமும் கையும், பிறகு காலின் நீளம், கடைசியாகத்தான் உடம்பும் தோளும். பதின்மூன்று, பதினான்கு வயதையொட்டிய உச்ச வருடத்தில் ஒரு பொடியன் எட்டுப் பத்து சென்ரிமீற்றர் உயரக்கூடும். முதலில் குட்டையாவது களிசான். சேட்டின் தோள் பின்னால்தான் இறுகும். ஆகவே களிசானை இப்போதைய இடுப்புக்கே வாங்கி, கால் மடிப்பின் உள்ளே இரண்டு அங்குலத் துணியை விட்டுத் தைக்கச் சொல்லலாம். ஆறு மாதத்தில் அவிழ்த்து இறக்கலாம். சேட்டில் பார்க்க வேண்டியது தோள்தான். தோள்பட்டை எலும்பு முடியும் இடத்தில் கை பொருத்திய தையல் விழ வேண்டும். பக்கத்தைப் பிடிப்பதும், நீளத்தைக் குறைப்பதும், கையைச் சுருக்குவதும் தையற்காரருக்குச் சின்ன வேலைகள். தோளை மாற்றுவதென்றால் பாதிச் சேட்டைப் பிரிக்க வேண்டும்.

காக்காவின் உடுப்பைத் தம்பிக்குக் கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. அப்படியே கொடுத்தால் அது பழைய சேட்டு. தையல்கடைக்குக் கொண்டுபோய் அவன் உடம்புக்குப் பிடித்துக் கொடுத்தால் அது அவனுடைய சேட்டு. ஒரு தையல் கூலியில் பிள்ளையின் நடை மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். இப்போது பொடியன்மார் தேடும் பெரிய டீசேட்டுகளில் தோள் தையல் வேண்டுமென்றே கையில் இறங்கி விழும். பார்த்ததும் "இது உனக்குப் பெரிசு" என்று உம்மா திருப்பி வைத்துவிடுவா. அது அளவுப் பிழை இல்லை, அதன் வெட்டே அப்படி. பத்து வருடத்துக்கு முன் காலோடு ஒட்டிய டெனிம்தான் மோஸ்தர். அதை எதிர்த்து எத்தனை வீடுகளில் சத்தம், எத்தனை பள்ளிகளில் பயான்! இன்று காற்று திரும்பிவிட்டது. தளர்ந்த களிசான், அகன்ற சேட்டு, கொரிய நாடகங்களில் வருவது போன்ற நேர் வெட்டு. உடலின் வடிவம் தெரியாத உடுப்பைத்தான் நாம் இத்தனை நாள் கேட்டோம். பிள்ளை அதையே கேட்டு நிற்கும்போது பழக்கதோஷத்தில் மறுக்க வேண்டியதில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது என்ற கேள்வியைத் தெளிவாகப் பிரித்துக்கொள்வது நல்லது. பல வீடுகளில் பெற்றோரின் விருப்பமும் மார்க்கத்தின் வரம்பும் ஒன்றாகக் குழைத்துப் பேசப்படுகின்றன. ஆணுக்குப் பட்டும் தங்கமும் இல்லை. தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைந்திருக்க வேண்டும். இவை வரம்பு. அதனால் முழங்காலுக்கு மேலே கிழிந்த டெனிம் விவாதத்துக்கே வராது. இடுப்பில் மிகவும் இறங்கி நிற்கும் களிசான் ஸுஜூதில் என்ன செய்யும் என்பது ஜும்ஆவில் பின் ஸஃப்பில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். கடையின் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் அது தெரியாது. அணியறைக்குள் ஒரு தடவை ருகூஉ போலக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், போதும். முதுகு நிறையப் படம் போட்ட டீசேட்டும் இப்படித்தான். கோலம் போட்ட ஒரு போர்வை தொழுகையில் கவனத்தை இழுத்ததால், நபியவர்கள் அதை அபூ ஜஹ்மிடம் திருப்பிக் கொடுத்து அவரிடமிருந்த சாதாரணப் போர்வையை வாங்கிவரச் சொன்னார்கள் என்று ஹதீஸ் உண்டு. அணிந்தவரையே அது இழுத்ததென்றால், பின்னால் நிற்பவரை எவ்வளவு இழுக்கும்! அந்த டீசேட்டைக் கிரவுண்டுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

கணுக்காலுக்குக் கீழே இறங்கும் உடுப்பு பெருமையோடு இருந்தால்தான் தடையா, எப்போதுமே தடையா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. முடியின் ஒரு பகுதியை மழித்து ஒரு பகுதியை விடுவதைப் பற்றித் தெளிவான தடை இருக்கிறது. பக்கங்களைக் கட்டையாகக் கத்தரிப்பதும் அதற்குள் அடங்குமா என்பதில் கருத்துகள் பல. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உங்கள் பள்ளி மௌலவியிடம் போய்க் கேளுங்கள். அவன் காதாலேயே கேட்ட பதில் வீட்டுக் கட்டளையைவிட ஆழமாக நிற்கும்.

இவற்றுக்கு அப்பால் நிறம், வெட்டு, கொலர், பொக்கட் எல்லாம் திறந்தவெளி. தன் உடுப்பும் செருப்பும் அழகாக இருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புவது பெருமையா என்று ஒரு தோழர் கேட்டபோது, அழகை அல்லாஹ் விரும்புகிறான் என்பதும், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மனிதரை இழிவாகப் பார்ப்பதும்தான் என்பதும் பதிலாக வந்தன. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. ஊர் திரும்பிப் பார்க்கவென்றே அணியும் உடுப்பைத்தான் வேறு ஒரு செய்தி எச்சரிக்கிறது. கூட்டத்தோடு கரைந்து நிற்க விரும்பும் பொடியன் அந்த எச்சரிக்கையின் பக்கத்திலேயே இல்லை.

"நம்ம உடுப்பு இருக்கத்தக்கன இது எதுக்கு" என்று மூத்தவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு மரியாதையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். களிசானும் சப்பாத்தும் போர்த்துக்கீசரிடமிருந்து வந்த சொற்கள். சாரன் மலாய்ச் சொல். பளயகாட் சாரன் என்று நாம் உடுத்தது தமிழ்நாட்டுப் பழவேற்காட்டின் பெயரைச் சுமந்து வந்த துணி. துருக்கித் தொப்பியும் வெளியிலிருந்து வந்ததுதான். 1905இல் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் அதை அணிந்தபடி கொழும்பு உயர் நீதிமன்றத்தில் வாதாடக் கூடாது என்று தடுக்கப்பட்டார். அந்த ஆண்டின் கடைசி நாளில் மருதானைப் பள்ளிவாசலில் பெரும் கூட்டம் கூடியது. கடைசியில் அனுமதியும் கிடைத்தது. வெளியிலிருந்து வந்த ஒரு தொப்பிக்காக ஒரு சமூகமே நின்றது, ஏனென்றால் அதற்குள் அது அவர்களுடையதாகிவிட்டிருந்தது. உடுப்பு ஊருக்குள் வருவதும் நம்முடையதாவதும் இப்படித்தான். நம் காலத்துப் பொடியன்மாரின் கையில் அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

விலையைப் பேசாமல் இருக்க முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் முந்நூற்றறுபதைத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தை நெருங்கியது. பிறகு பணவீக்கம் இறங்கியது, ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இந்த நிலையில் பெயர் பெற்ற கம்பனியின் சின்னத்தைப் போலியாகப் பதித்த டீசேட்டுக்குக் கொடுக்கும் சல்லி வீண். அதன் எழுத்துப் பிழையைக் கடைக்காரருக்கு முன்னே கண்டுபிடிப்பது வகுப்புப் பொடியன்மார்தான். சின்னமே இல்லாத கறுப்பு, சாம்பல், கடும் நீலம், வெள்ளை ஒற்றை நிற டீசேட்டை ஒருவரும் கேலி செய்ய முடியாது. பருத்தி கலந்த துணியாகப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் முழுப் பொலியெஸ்டர் உடம்போடு ஒட்டி, மாலைக்குள் நாறிவிடும். அந்த வயதில் வியர்வை நாற்றம் எந்தப் பழைய மோஸ்தரையும்விடப் பெரிய கேலிப்பொருள். இரண்டு நல்ல டீசேட்டும் தினமும் துவைக்கும் பழக்கமும் ஐந்து டீசேட்டைவிட அவனுக்கு உதவும்.

சல்லியை அவன் கையில் கொடுப்பதையும் யோசிக்கலாம். "இவ்வளவுதான் இருக்கு, இதுக்குள்ள நீயே எடு" என்று தொகையைச் சொல்லிவிட்டால் கடைக்குள் நடக்கும் சண்டை அவனுக்கும் விலைச்சீட்டுக்கும் இடையிலான கணக்காகிவிடும். முதல் முறை பிழையாக வாங்குவான். அந்தப் பிழையை ஒரு வருடம் உடுத்துவான். அடுத்த பெருநாளுக்குத் துணியைத் தடவிப் பார்த்து, தையலைத் திருப்பிப் பார்த்து, தோளை அளந்து பார்த்து வாங்குவான்.

இன்னொரு வழி நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மருதமுனைத் தறிகள் சாரனுக்குப் பேர் போனவை. அந்தக் கைத்தறிப் பருத்தியில் ஒரு துண்டு எடுத்து, கட்டமில்லாத ஒற்றை நிறத்தில், பொடியன் கைபேசியில் காட்டும் வெட்டுக்கே தைக்கக் கொடுக்கலாம். கொலர் இல்லாத கழுத்தோ, கொஞ்சம் அகன்ற கையோ, எது வேண்டுமென்று அவன் தையற்காரருக்கு நேராகச் சொல்லட்டும். ஆனால் இருபதாம் நோன்பு தாண்டினால் எந்தத் தையற்காரரும் புதுத் துணி எடுக்கமாட்டார். தலைப்பிறை கண்ட வாரத்திலேயே போங்கள். பெருநாளுக்கு அவன் போடப்போகும் சப்பாத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். களிசானின் நீளத்தை அதைப் போட்டுத்தான் அளக்க வேண்டும்.